பனியில் கிடந்த கண்ணாடி

நாம் புலம்பெயர்ந்து வந்த நகரின் டான்ஃபோர்த் வீதியில் இன்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, கிரேக்கர் கடையிலிருந்து கரியில் வாட்டிய இறைச்சியின் மணம் வந்தது. கொழும்பில் என்னோடு சட்டம் படித்த நீ, இங்கே அந்தக் கடைக்கு எதிர்க் கட்டடத்தில் காவலாளியாக வேலை செய்தபடி பழைய கிரேக்க வரலாறு வாசித்தாய். அப்போதெல்லாம் மதியத்தில் என்னை அந்தக் கடைக்கு இழுத்துச் செல்வாய்.

“மச்சான், பழைய கிரேக்கத்தில கொடுங்கோலன் எண்டா எப்பவும் கொடுமைக்காரன் இல்லை. கோயில் கட்டினவன், ஊருக்குத் தண்ணி குடுத்தவன். ஆனா சட்டப்படி வராதவன். ஏதென்சில ஒருத்தன் தன்னைத்தானே காயப்படுத்திப்போட்டு, எதிரியள் அடிச்சதெண்டு சபையில நிண்டான். சனமே கை தூக்கித் தடிக்காரரைக் காவலுக்குக் குடுத்தது. அந்தத் தடியளோடயே கோட்டையைப் பிடிச்சான்.”

“நீயும் காவல்காரன்தானே?”

“எனக்கு இருட்டில அடிக்கிற ரோச் லைற் மட்டும்தானடா தந்தவங்கள்!”

அந்தப் பனி மாரியில், இங்குள்ள நம் ஊர்ச் சங்கத் தலைவரின் கார்க் கண்ணாடி உடைந்தது. எதிராளிகள் கல்லெறிந்தார்கள் என்று கூறிய அவர், தேர்தலைத் தள்ளிவைக்கவும் தமக்குப் பத்துப் பேரைக் காவலுக்கு நியமிக்கவும் பொதுக்கூட்டத்தில் கேட்டார். மண்டபத்துக்குள் வருமுன் நாம் இருவரும் அந்தக் காரைப் பார்த்திருந்தோம். இருக்கையில் ஒரு துண்டுகூட இல்லை; உடைந்தது முழுவதும் வெளியே பனியில் கிடந்தது.

நீ எழுந்தாய். “தலைவர், வெளியில இருந்து எறிஞ்சா கண்ணாடி ஏன் வெளியில விழுந்தது? இவரும் பாத்தவர், கேளுங்கோ.”

அகதி விண்ணப்பங்களை மொழிபெயர்த்துப் பிழைத்தவன் நான். அந்த வேலை சங்கத்தினூடாகவே வந்தது.

“கிடைத்துள்ள விபரங்களைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது” என்றேன்.

“லோயரே சொல்லிப்போட்டார், இருங்கோ அண்ணை!” என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். கைகள் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது.

அவதூறு கூறியதாக உன்னைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். உன்னோடு பேசக்கூடாதென எவரும் கட்டளையிடவில்லை. ஒவ்வொருவராகத் தாமே நிறுத்திக்கொண்டார்கள். அந்த அதிகாரத்தின் இயல்பை நான் அப்போதுதான் முழுமையாக விளங்கிக்கொண்டேன். அதற்குத் தடி தேவைப்படவில்லை.

பின்னொரு நாள் நீ இறந்தபோது, உன் இறுதிச் சடங்கிற்கு ஏழு பேரே வந்தோம். வாசலில் தலைவரின் காவலர் இருவர், வருவோரைப் பார்த்தபடி நின்றனர். உன் மனைவி என்னருகே வந்தாள்.

“அண்ணை, அவர் சொன்னது உண்மைதானே?”

“இப்ப அதைக் கதைக்க வேண்டாம், தங்கச்சி” என்றேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. ‘அப்ப ஏன் நீங்கள் சொல்லேல்லை?’ என்று கேட்கப்படாத அந்த இரண்டாவது கேள்வியை இன்றும் சுமக்கிறேன். அந்தத் தலைவரே இன்னும் பதவியில் இருக்கிறார். தம் பதவி நீடிப்புத் தீர்மானத்தை எழுதும் பொறுப்பை இம்முறையும் என்னிடம் தந்திருக்கிறார். சட்டப் பிழை ஏதுமின்றி எழுதிக் கொடுப்பேன்.