திரையில் தெரிந்த நாடி

அம்மாவுக்கு மகன் வணங்கி எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

சும்மா உட்கார்வதற்குச் சம்பளமா என்று மாமா சிரிக்கட்டும். தண்ணீர்த் தொட்டியின் அடியில் நாற்காலியில் பெல்ட் போட்டு, உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி என்னை உட்கார வைப்பார்கள். நான் மூச்சைப் பிடித்திருக்கும்போது ரத்த ஓட்டம் எப்படி மாறுகிறது என்று டாக்டர் மேலே திரையில் பார்ப்பார்.

நேற்று எழுந்திருக்கும் நேரத்தில் பெல்ட்டின் கொக்கி சிக்கிக்கொண்டது. கையை ஆட்டினேன், மேலே யாரும் அசையவில்லை. அப்புறம் கழற்றிவிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. டாக்டர்தான் அசடு வழிந்தார்.

"நாடி நாப்பத்தஞ்சுதானே காட்டுச்சு. நீ நிம்மதியா இருக்கேன்னு நெனச்சுட்டேன்பா."

தண்ணீருக்குள் மூச்சை அடக்கினால் பயந்தவனுக்கும் நாடி இறங்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

ஒப்பந்தம் முடிய இன்னும் பதினொரு மாதம். பாஸ்போர்ட்டை ஆபீஸ் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால் இரண்டு துண்டு கொடுத்தனுப்பு. அறையில் எதுவும் காய்வதில்லை.

போனில் நீ, "குரல் தெளிவாத்தான்டா இருக்கு" என்று சொல்லும்போதெல்லாம் அந்தத் திரைதான் ஞாபகம் வருகிறது.

கூப்பிடுகிறார்கள். இறங்க வேண்டும்.

உன் மகன்