மாடன் முகத்து நிறம்

குற்றாலம்,
12-6-1944

அன்புள்ள தளவாய்க்கு,

இங்கே மூவரும் சுகம். சாரல் தொடங்கிவிட்டதால் தாள்கள்தான் உலர மறுக்கின்றன. உன் வீட்டில் எல்லாரும் நலமா?

நீ மானேஜராக இருக்கும் கம்பெனி, பெரிய படத்துக்கு முன்னால் குழந்தைகளுக்காக ஓட்டப்போகிற சித்திரப்படத்துக்கு நான் வரைந்த முதல் பாதித் தாள்களைத் தென்காசி ஸ்டேஷனில் பார்சல் போட்டுவிட்டேன். தேன் எடுக்கும் மாடன், துரைமகள் எமிலியைக் கரடியிடமிருந்து காப்பாற்றும் இடம் வரை இருக்கிறது. கோடு போடுவது நான், நிறம் நிரப்புவது உங்கள் ஆட்கள் என்றாய், சரி. மாடன் நல்ல கறுப்பாக இருக்க வேண்டும். மாநிறம் என்று மழுப்ப வேண்டாம்.

மாதிரிக்கு ஒரு தாளில் மட்டும் கறுப்பு பூசிப் பார்த்தேன். முத்துவடிவு அவனைப் பார்த்துவிட்டு, "அப்பா, இவன் என்னைய மாதிரி இருக்கான்" என்றாள். என் மகள் இதுவரை பார்த்த சித்திரப்படங்களில் கறுத்தவர்கள் எல்லாரும் தடித்த உதட்டோடு எலும்பு கடித்துக் குதித்தவர்கள்தான். வெள்ளைக்காரி பெற்ற பிள்ளை என் நிறத்தில் இருப்பது ஊருக்கும் பொறுக்கவில்லை. கடைத்தெருவில் ஒருவர் கிரேஸிடம், "துரைசாணிம்மா, இது யாரு பிள்ள?" என்று கேட்டார். "நாந்தான் பெத்தேன். வலிச்சது எனக்கு, சந்தேகம் உமக்கோ?" என்றாள் என் மனைவி. அந்த மனிதர் இப்போது எதிரில் வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுகிறார்.

உன்,
பரமசிவன்

---

சென்னை,
3-7-1944

அன்புள்ள பரமசிவத்துக்கு,

நலம். முதல் பாதி படம் பிடித்தாயிற்று. உன் கரடியைப் பார்த்து முதலாளி வயிறு வலிக்கச் சிரித்தார்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நிறம் நிரப்பியது சொரிமுத்து அண்ணாச்சி. நாடகக் கம்பெனியில் முகம் எழுதிப் பழகியவர். அவருக்கு ராஜபார்ட் என்றால் வெள்ளைப் பூச்சு, அசுரன் என்றால் கரி. யாரையும் கேட்காமல் மாடனை வெளுக்க வைத்துவிட்டார். கேட்டால், "கதாநாயகன்னு சொன்னீய. பொறவு கரிய பூசுன்னா எப்படி?" என்கிறார்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. யுத்தத்தால் பிலிமுக்கு இருக்கும் தட்டுப்பாடு உனக்குத் தெரியும். திரும்பப் பிடிக்க வழியில்லை. மீதியிலும் வெளுப்பாகவே இருக்கட்டும். துரைமகளைக் கட்டுகிறவன் என்பதால் முதலாளிக்கும் இதில்தான் நிம்மதி. குழந்தைகள் படத்துக்கு எதற்கு வம்பு என்கிறார்.

கிரேஸ் அம்மாளுக்கு என் வணக்கம்.

தளவாய்

---

குற்றாலம்,
8-7-1944

தளவாய்,

அண்ணாச்சி மேல் எனக்குக் கோபமில்லை. அது பழகிப்போன கை. பார்க்க நன்றாக இருக்கிறது என்று எழுதிய கை உன்னுடையது.

தென்காசிப் பள்ளி நாடகங்களில் எல்லா வருஷமும் நீ அரசன், நான் அசுரன். உனக்கு மறந்துபோன வசனத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து சொல்லித் தந்தவனும் நான்தான். என் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. காய்ச்சல் என்று எழுதினாய். அன்று நீ கடையத்தில் விருந்து சாப்பிட்டாய் என்று எனக்கு மறுவாரமே தெரியும். கறுத்தவனும் வெள்ளைக்காரியும் சேர்ந்து நின்றால் உனக்குக் காய்ச்சல் வந்துவிடுமா?

மாடன் கறுப்பு. இல்லையென்றால் மீதிப் பாதி கிடையாது.

பரமசிவன்

---

சென்னை,
15-7-1944

பரமசிவம்,

அந்தக் கல்யாணத்தை இப்போது ஏன் இழுக்கிறாய்? வராதது வராததுதான்.

படத்தைப் பற்றி மட்டும் பேசுவோம். பாதி வரை வெளுத்தவன் பிறகு கறுத்து வந்தால் ஜனங்கள் வேறு ஆள் என்று நினைப்பார்களா, மாட்டார்களா? நீயே சொல். மீதி வராவிட்டால் முதலாளி என்னைத்தான் வெளியே அனுப்புவார். உன் பெயரைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்கிறேன். கொஞ்சம் இறங்கி வாலே.

தளவாய்

---

குற்றாலம்,
2-8-1944

தளவாய்,

மீதிப் பாதியை அனுப்பிவிட்டேன். ஜனங்கள் குழம்ப மாட்டார்கள். மாடன் அருவிக்குள் போகிறான். முகத்துப் பூச்சு கரைந்து பாறையில் வழிகிறது. கறுப்பாக வெளியே வருகிறான். எமிலி அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "இந்த முகத்த மறைக்கவா இம்புட்டு மாவு அப்பினீரு?" என்று சிரிக்கிறாள். பிறகு மாலை மாற்றுகிறார்கள். துரையும் அட்சதை போடுகிறார். வசனம் கிரேஸ் சொன்னது.

இந்தத் தாள்களில் நிறத்தை நானே நிரப்பிவிட்டேன். அண்ணாச்சி தொட வேண்டியதில்லை; இந்த மை சுரண்டினாலும் போகாது. அருவித் தாளைப் பார்த்து முத்துவடிவு, "இப்பதான் அவன் வந்துருக்கான்" என்றாள்.

காட்டுவதானால் இப்படியே காட்டு. வெட்டுவதானால் என் பெயரையும் சேர்த்து வெட்டிவிட்டு, தாள்களை என் மகள் பெயருக்குத் திருப்பி அனுப்பு. பதில் எழுத வேண்டாம். நீ செய்ததைக் கொட்டகையில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

படம் தென்காசிக்கு வரும் முதல் நாளே மூன்று பேரும் போவோம். விளக்கை அணைப்பதற்கு முன்பே போய், நடுவில் உட்காருவோம்.

பரமசிவன்