மேசைக்காலுக்கு அடியில் இருந்த தாள்

அன்புள்ள நூரு,

நம் ஆய்வுக்கூடத்துக்குப் போன வாரம் புது மேசை வந்தது. பழையதை நகர்த்தியபோது, ஆடாமல் இருக்க அதன் காலுக்கு அடியில் நாம் மடித்துச் செருகிய தாள் வெளியே வந்தது. பிரித்துப் படித்தேன். நீ போய் எட்டு மாதம் கழித்து இதை எழுத அதுதான் காரணம். கல்லூரி மலரில் வரட்டும், மற்றவர்களும் படிக்கட்டும்.

மொச்சை விதையில் இரண்டு புரதங்கள் எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன என்று என் முனைவர் பட்ட ஆய்வில் நான் சொல்லிவந்தேன். சொன்னால் போதுமா? அவை ஒட்டியிருக்கும்போதே பிணைத்துக் காட்ட ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. கைவிலங்கு மாதிரி. ஒரு வளையம் இதன் கையில், மறு வளையம் அதன் கையில். பக்கத்தில் இருந்தால்தான் மாட்டும். மாட்டிவிட்டால், புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் இரண்டு கோடுகளுக்கு மேலே கனமாக மூன்றாவது கோடு தெரியும்.

பெங்களூரில் என் பேராசிரியர் அந்தப் பொருளைக் கொடுத்தார். போகும்போதெல்லாம் ஒரு குப்பி. ஐஸ் போட்ட பிளாஸ்கில் அதை வைத்து, தருமபுரி வரைக்கும் மடியிலேயே கொண்டுவருவேன். முதல் இரண்டு குப்பிகளையும் வந்த வேகத்தில், ஜில்லென்று இருக்கும்போதே திறந்து கலந்தோம். கோடு வரவில்லை. மூன்றாவதைக் கொடுக்கும்போது அவர், "இதுதாம்மா கடைசி. இதுலயும் வரலைன்னா தலைப்ப மாத்திடு" என்றார். என் நான்கு வருட உழைப்பு அந்தக் குப்பியில் இருந்தது.

எண்பத்தாறாம் வருடக் கோடை, ரம்ஜான் மாதம். நான் வந்து சேரும்போது மணி நாலரை. பிளாஸ்கில் ஐஸ் பாதி கரைந்திருந்தது, கூடத்துக் குளிர்பெட்டியோ பழுது. மூடிக்குள் தண்ணீர் இறங்கிவிடும் என்று நீ குப்பியை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தாய். மில்லிகிராம் கணக்கில் நிறுப்பது கூட உதவியாளரான உன் வேலை. என் கைக்கு அந்த நிதானம் கிடையாது.

"கை நடுங்குதுக்கா. நோம்பு தொறந்துட்டு நிறுத்துத் தரேன். கொஞ்சம் பொறுங்க."

"ரெண்டு மணி நேரம் வெளிய வெச்சா கெட்டுப்போயிடும் நூரு."

"கை நடுங்கிக் கீழ சிந்திட்டா அதவிட மோசங்கக்கா."

"அப்ப உன் நோம்புக்கு என் படிப்பு பலியா?"

நீ ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துகொண்டாய். பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் தண்ணீர் குடித்தாய். என் பக்கம் ஒரு பேரீச்சம்பழத்தை நீட்டினாய். நான் வாங்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து நிறுத்துக் கொடுத்தாய்.

மறுநாள் மூன்றாவது கோடு வந்தது. உனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நான், "ஏதோ தப்பிச்சோம்" என்றேன். என் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் பெங்களூர் நூலகர் பெயர்கூட இருக்கிறது, உன் பெயர் இல்லை. ஏன் என்று நீ கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

மேசைக்காலுக்கு அடியில் இருந்தது, முதல் குப்பியோடு வந்து நாம் படிக்காமலே மடித்த தாள். குப்பி அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. குளிரோடு திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படிந்து பொருள் பாழாகிவிடுமாம். மூடியபடி சில மணி நேரம் வெளியே இருந்தால் ஒன்றும் ஆகாது. முதல் இரண்டையும் கெடுத்தது நம் அவசரம். மூன்றாவதைக் காப்பாற்றியது உன் நோன்பு. மஞ்சள் காமாலையில் நீ கடைசியாகப் படுத்திருந்தபோது நாலு முறை வந்து பார்த்தேன். அந்தப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, நூரு.

புது மேசை ஆடவில்லை. பத்திரிகைக்குப் போகும் கட்டுரையில் உன் பெயரை என் பெயருக்கு முன்னால் போட்டுவிட்டேன். அது சுலபமான வேலை.

நேற்று ரம்ஜான் பிறை தெரிந்தது. அடுத்த வாரம் இன்னொரு குப்பி வருகிறது. அரை மணி நேரம் போதும் என்கிறது தாள். இருந்தாலும் பாங்கு கேட்கும்வரை அதைத் தொடமாட்டேன். கேட்டதும் ஒரு பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டுத்தான் திறப்பேன். அன்றைக்கே வாங்கியிருக்க வேண்டிய பழம்.

நீ பொறுக்கச் சொல்லியும் பொறுக்காத
உன் அக்கா,
சரோஜா