பஞ்சு அடைத்த காலணி நுனிக்கு ஆஃப்சைடு கொடுத்தது குறித்து

அனுப்புநர்:
ஒன்பதாம் எண் முன்கள வீராங்கனையின் அம்மா,
பள்ளி வேன் ஓட்டுநர்,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு, மாடி.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
நடுவர் குழு,
பள்ளி மாணவியர் கால்பந்துச் சங்கம்.

பொருள்: அரையிறுதியில் வீடியோ பார்த்து என் மகளின் கோலை ரத்து செய்தது – ஆஃப்சைடில் இருந்தது காலா, காலணியா என விளக்கம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கால்பந்து தெரிந்தவள் அல்ல. மகளை மைதானத்தில் இறக்கிவிட்டு, வேனைக் கழுவி, ஆட்டம் முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போகிறவள். ஆகவே இம்மனுவில் தவறு இருந்தால் அது அறியாமையே தவிர அவமரியாதை அல்ல. கடந்த ஞாயிறு நடந்த அரையிறுதிக்கு மட்டும், மகள் வற்புறுத்தியதால், உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

2. ஆட்டம் முடியும் தறுவாயில் மகள் கோல் போட்டாள். நடுவரும் விசில் ஊதி மைதானத்தின் நடுப்பக்கம் கை காட்டினார். நான் எழுந்து பக்கத்திலிருந்த அம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் எதிரணிக் கோல்கீப்பரின் தாயார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நடுவர் காதில் விரலை வைத்து யாரிடமோ பேசினார். எல்லாரும் அப்படியே நின்றார்கள். என் மகள் தூக்கிய கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் வைத்திருந்தாள். கடைசியில் நடுவர் காற்றில் டி.வி. போல ஒரு பெட்டி வரைந்து, கோல் இல்லை என்றார். பிறகு பெனால்டியில் தோற்றோம். நான் பட்ட சந்தோஷம் செல்லுமா செல்லாதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

3. ஆட்டம் முடிந்து வீடியோ அறைக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் முகம் சுளிக்காமல் படத்தைக் காட்டினார். சக வீராங்கனை பந்தைத் தட்டிய கணத்தில் படத்தை நிறுத்தி, இரண்டு கோடுகள் போட்டிருந்தார்கள். ஒன்று எதிரணித் தடுப்பாட்டக்காரியின் குதிகாலில், மற்றொன்று என் மகளின் வலது காலணி நுனியில். பந்தைத் தட்டும் கணத்தில் எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரியைத் தாண்டி நின்றால் அது ஆஃப்சைடாம், கோல் செல்லாதாம். மகளின் கோடுதான் முன்னால் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நகம் நுழையும் அளவு இடைவெளி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அந்த நுனியில் என் மகள் இல்லை.

4. அந்த நுனியில் இருப்பது பழைய தலையணைப் பஞ்சு. வளர்கிற பிள்ளை என்று எதை எடுத்தாலும் ஓர் அளவு கூட்டியே எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். பாவாடையை மடித்துத் தைத்து வருடாவருடம் பிரித்துவிடுவேன். காலணியைப் பிரிக்க முடியாது என்பதால் பஞ்சு. மகளின் பெருவிரல் முடிகிற இடம் அந்தக் குதிகாலுக்குப் பின்னால்தான் இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். அடுத்த வருடம் கால் வளர்ந்து காலணி நிறைந்துவிடும். அப்போது இதே இடத்தில் நின்றாள் என்றால் தாராளமாக ரத்து செய்யுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன்.

5. இதை அலுவலரிடம் சொன்னேன். அவர், “பூட்ஸும் கால்தாம்மா” என்றார். அப்படியானால் கையும் உடம்புதானே, கை முன்னால் நீட்டியிருந்ததே என்று கேட்டேன். கையால் கோல் போட முடியாது, அதனால் கையைக் கணக்கில் எடுப்பதில்லை என்றார். பஞ்சால் கோல் போட முடியுமா என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் எழுத வேண்டியிருக்கிறது: அன்று பந்தை வலைக்குள் தட்டியதே அந்த நுனிதான் என்று மகள் சொல்கிறாள். இது எனக்குச் சாதகமா பாதகமா என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

6. போதாக்குறைக்கு, இம்மனுவை எழுத உட்கார்ந்தபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்து தொலைத்தது. சிக்னல் கோட்டை வேனின் பம்பர் தாண்டினாலே போலீஸ்காரர் ஓரங்கட்டச் சொல்கிறார். பம்பருக்குள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லையே என்று அவரிடம் நான் வாதாடியதில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் தங்கள் நடுவர் செய்தது சரியென்றும் படுகிறது. மனு கொடுப்பவளே இப்படி எழுதலாமா என்று என் கணவர் கோபித்துக்கொண்டார். மனதில் இருப்பதைத்தானே எழுத முடியும்?

7. கோல் போனது போகட்டும், ஐயா. மனு அதற்காக அல்ல. வேனில் வரும் பிள்ளைகள் இப்போது என் மகளை ‘முந்திரிக்கொட்டை’ என்று கூப்பிடுகிறார்கள். அதையும் சிரித்துச் சமாளித்தாள். ஆனால் வருகிற சனிக்கிழமை தேர்வு முகாமுக்கான ஆட்டம் இருக்கிறது. அரையிறுதி ஆடிய எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதற்காகத் தோழி ஒருத்தியின் காலணியை இரவல் வாங்கி வந்து பயிற்சி எடுக்கிறாள். அது அவள் காலுக்கு ஓர் அளவு சிறியது. நேற்று காலுறையைக் கழற்றியபோது பெருவிரல் நகம் கறுத்து, ரத்தம் கட்டியிருந்தது. அதட்டிக் கேட்டேன். “கடிக்குதும்மா, ஆனா கோட்டத் தாண்டாது” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. காலைச் சுருக்கிக்கொண்டு ஓடச் சொல்லி எந்த விதியிலும் இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தால் அதையும் தெரிவியுங்கள்.

8. ஆகவே, கணக்கில் வருவது காலா காலணியா என்பதைத் தாங்கள் நிதானமாக முடிவு செய்துகொள்ளுங்கள், அவசரமில்லை. எனக்கு அவசரமாக வேண்டியது ஒரே ஒரு வரி. உன் காலைக் கடிக்காத காலணியையே போட்டுக்கொண்டு ஆடு என்று என் மகளுக்குத் தங்கள் அலுவலகத் தாளில் எழுதி, முத்திரை வைத்து, சனிக்கிழமைக்குள் கிடைக்கும்படி அனுப்ப வேண்டுகிறேன். நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள். ஆட்டம் தெரியாதவள் சொல்வது செல்லாதாம். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

இடம்: வேன் நிறுத்துமிடம்
நாள்: அரையிறுதிக்கு அடுத்த புதன்

இப்படிக்கு,
குழப்பம் தீராத,
(ஒப்பம்)
ஒன்பதாம் எண்ணின் அம்மா

இணைப்பு: மகளின் வலது காலணி ஒன்று. பஞ்சை எடுக்கவில்லை, தாங்களே விரலை விட்டுப் பார்க்கலாம். கடிதத்தோடு இதையும் சனிக்கிழமைக்குள் திருப்பித் தரவும். அவள் கால் வலிக்காமல் ஓட வேறு காலணி இல்லை.