பிறை கண்ட வாய்

அன்புள்ள மருமகனுக்கு,

ஏழு கடலும் வாய் பிளக்கும், ஆனால் ஒருவரும் நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன். ஈமானை, அந்த இறைநம்பிக்கையை, அறிவால் நிறுவ ஏலுமா என்று கேட்டிருந்தீர்கள்; அதற்கும் இதுவே பதில்.

ரமழான் நோன்பு இருபத்தொன்பது. பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். திருகோணமலை முழுக்க மேகம். கிண்ணியாத் துறையில் தோணியில் நின்ற நான் மட்டும், மேகம் விலகிய கணத்தில் பிறையைக் கண்டேன். அது என் அழகைக் கண்டு வெட்கி மறைந்தது. சாட்சி சொல்லப் பள்ளிவாசலுக்கு ஓடினேன்.

தொழுவிக்கும் லெப்பை, அண்ணன் முறை வைத்துக் கேட்டார்: "காக்கா, திமிங்கிலம் தோணியில ஏறிப் பீடி கேட்டதெண்டு போன கிழமை சொன்னதும் நீங்கதானே?"

பள்ளியே சிரித்தது. ஊர் மறுநாளும் நோன்பு பிடித்தது.

பிறை கண்டவனுக்கு மறுநாள் பெருநாள்; அன்று நோன்பு பிடிப்பது ஹராம், மார்க்கம் விலக்கியது. ஆகவே அடுப்படிக்குள் போய்க் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, தேத்தண்ணியோடு பெருநாள் கொண்டாடினேன். உங்கள் மாமி கண்டுவிட்டா.

"வயசுபோன காலத்தில களவா நோன்பை விட்டிட்டீங்களே!" என்று அழுதா. மெய்யாகவே பிறை கண்டேன் என்றேன்; அவவும் நம்பவில்லை.

சாட்சியின் யோக்கியதையை எடைபோட்டே நம்பு என்கிறது மார்க்கம். ஊர் அறிவோடுதான் நடந்தது; ஆனாலும் மெய் அந்த அறிவுக்கு எட்டவில்லை. கெட்டுக் கிடந்தது என் வாய்.

மாமி இன்னும் என்னோடு கதைக்கவில்லை. நீங்கள் எழுதினால் நம்புவா. மருமகன், அந்தப் பிறை மட்டும் மெய்யாகவே இருந்தது.

தலைகுனிந்து,
உங்கள் மாமா