ஜன்னலை மூடிய போர்டு

என்ற கண்ணுக்கு,

அம்மா போன் பண்ணாம காயிதம் எழுதறாளேன்னு பயந்துக்காத. நல்லாத்தான் இருக்கறேன்.

கீழ உங்கப்பா புதுசா டைல்ஸ் கடை போட்டிருக்காரல்ல, நேத்து அதுக்கு போர்டு மாட்டியாச்சு. என்ற பேரைத்தான் வெச்சிருக்காரு. சூலூர்ல எந்தப் பொம்பளை பேரு இத்தனை பெரிய எழுத்துல இருக்குதுன்னு வர்றவங்ககிட்டயெல்லாம் கேக்கறாரு. என்ற நம்பரையும் அதுல போட்டுட்டதால, போன் இப்பக் கடை மேசையிலயேதான் கெடக்குது.

போர்டு நம்ம மாடி ஜன்னலை முழுசா மூடிக்கிச்சு. மாட்ட வந்த தனபாலு, "ஏனுங்க அக்கா, ரெண்டடி எறக்கி மாட்டட்டுங்களா?"ன்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள உங்கப்பா கீழயிருந்து, "பஸ்ல போறவங்க கண்ணுல படோணும். அவ அங்க நின்னு என்னத்தப் பாக்கறா?"ன்னு ஒரே போடாப் போட்டாரு.

அந்த பஸ்ஸைத்தான் பாத்துட்டிருந்தேன்.

பகல்லயே லைட்டைப் போட்டுக்கிட்டு எழுதறேன். இந்தப் பக்கம் பேரெல்லாம் தெரியாது, வெறும் கம்பியும் போல்ட்டும்தான்.

என்ற பேருக்குக் கீழ ஒரு வரி காலியா விட்டிருக்குது. உன்ற பேருக்காமா. எழுத்து மாட்ட ஓட்டைகூடப் போட்டு வெச்சாச்சு. பரீட்சை முடிஞ்சு மாரியம்மன் நோம்பிக்கு நீ வந்ததும் மாட்டிரலாம்னு உங்கப்பா ஆசையா இருக்காரு.

புனே வேலைக்குப் போகட்டுமான்னு அப்பாகிட்டக் கேட்டுச் சொல்லச் சொன்னயே, நான் கேக்கலை. நீ சேந்துக்க. சேந்துட்டேன்னு இந்த நம்பருக்குக் கூப்பிடாத கண்ணு. நோம்பிக்கு நீ வரலீன்னா நான் தெரிஞ்சுக்கறேன்.

உன்ற
அம்மா