கடைசி எட்டு நொடி

வெள்ளக்கடை,
ஐப்பசி 12

மாப்பிள்ளை செல்வராஜ் அவர்களுக்கு ஐயாக்கண்ணு எழுதுவது.

எஸ்டேட்காரர்கள் விற்ற காப்பிப் பழத்தோல் உரிக்கும் பல்பர் மெஷினை ஆன்லைன் ஏலத்தில் உங்களிடமிருந்து பறித்தவன், ஊரில் பேசிக்கொள்வதுபோல் யாரோ சேலத்து வியாபாரி இல்லை. நான்தான்.

அந்த ஏலத்தில் பேர் தெரியாது, எண்தான் தெரியும். நான்காம் எண் நீங்கள், எண்பத்தைந்தாயிரத்தோடு நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என்னை நம்பி நீங்களே சொன்னது. பதினொன்றாம் எண் நான். கடைசிவரை சும்மா இருந்துவிட்டு, எட்டு நொடி பாக்கி இருக்கும்போது ஐந்நூறு கூட்டிப் போட்டேன். போனைப் பார்த்து நானாகவே கற்றுக்கொண்ட வித்தை. நேரம் இருந்திருந்தால் என் தங்கை சசிகலா வளையலைக் கழற்றிக் கொடுத்திருப்பாள். அந்த நேரத்தைத்தான் நான் கொடுக்கவில்லை.

மறுநாள் வீட்டுக்கு வந்து, "எவனோ கடைசி நொடியில அமுக்கிப்போட்டானுங்க மச்சான். போவுது உடுங்க, நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டீர்கள். அடுத்த வாரம் திருப்பூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டீர்கள். சசிகலா வந்தால் மெஷினைத் தார்ப்பாய் போட்டு மூடுகிறேன்.

ஏழு வருடத்துக்கு முன் கோயில் பலா ஏலத்தில் எனக்கு மேலே கேட்டீர்களே, அதுதான் காரணம். அந்த வருடம் முழுக்கக் குரங்கு விரட்டி மரத்தைக் காத்தவன் நான். காத்தவன் கேட்டால் மற்றவர்கள் வாய் திறப்பதில்லை, அதுதான் நம் ஊர் வழக்கம். நீங்கள் செய்தது தப்பு. இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நீங்கள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டீர்கள். நான் ஓர் எண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டேன்.

முந்திப் பழுத்த கொஞ்சம் காப்பிப் பழத்தை மெஷினில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். விதை நசுங்குகிறது. இருபது வருடம் எஸ்டேட்டில் அதை ஓட்டிய உங்கள் கை என்னிடம் இல்லை.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என் மகன் பிரவீன் மெஷினை ஜீப்பில் ஏற்றி உங்கள் வீட்டில் இறக்குவான். அதற்கு முன் சசிகலாவிடம் நானே போய்ச் சொல்வேன். அவள் என்ன திட்டினாலும் நின்று கேட்பேன். அடுத்த பலா ஏலத்தன்று ஊர் முன்னால் இதைச் சொல்ல வேண்டியதும் நான்தான். காப்பி ஓட்டிச் சம்பாதித்து எண்பத்தைந்தாயிரத்தை நீங்கள் கொடுக்க வேண்டும், அதில் குறைக்க மாட்டேன். அந்த ஐந்நூறு வேண்டாம். பழம் சிவப்பதற்குள் நீங்கள் பஸ் ஏற வேண்டும். வந்ததும் என்னை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
பதினொன்றாம் எண்,
உங்கள் மச்சான் ஐயாக்கண்ணு